பழைய ஜீப்பைக் காஸில் ஓட்டலாமா?

உக்குவளையைச் சூழ்ந்த மலைகளில் ஏறும் தோட்டப் பாதைகளில், வானும் முச்சக்கர வண்டியும் போய்ச் சேர முடியாத இடங்கள் இன்னும் உண்டு. அங்கு கைகொடுப்பவை ஐம்பது, அறுபது வருடப் பழைய ஜீப்புகளே. மிளகு, கராம்பு மூடைகளை இறக்குவதும், வீடு கட்டச் சீமெந்து ஏற்றுவதும், நடு இரவில் பிரசவ வேதனைப்படும் தாயை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதும் அவற்றின் வேலை. ஆனால் இந்த ஜீப்புகள் பெற்றோலைக் குடிக்கின்றன. இப்பாதைகளில் ஒரு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடினாலே பெரிது. ஆகவே, “இதை எரிவாயுவுக்கு மாற்ற முடியாதா?” என்று பலர் கேட்கின்றனர். சிலர் ஒரு படி மேலே போய், “வீட்டில் இருக்கும் சிலிண்டரையே பின்னால் வைத்துக் கட்டினால் என்ன?” என்றும் கேட்கின்றனர்.

முதலாவது கேள்விக்கு எமது பதில், முடியும் என்பதே. இரண்டாவது கேள்விக்கு, ஒருபோதும் கூடாது என்பதே. இந்த இரண்டு பதில்களுக்கும் உரிய காரணங்களைப் பார்ப்போம். முடியும் என்பதால் மட்டும் இலாபம் என்று ஆகிவிடாது. ஆகையால் கணக்கையும் சேர்த்தே பார்ப்போம்.

எரிபொருள் மாற்றம் எமக்குப் புதிதல்ல

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது இந்தியாவில் கரிவாயுவால் பஸ்கள் ஓடின. பஸ்ஸுடன் ஓர் உலையைப் பொருத்தி, கரியை அரைகுறையாக எரித்து, அதிலிருந்து வரும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தினார்கள். 1990க்குப் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பத்திரமாக வைத்த கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால் அது சாத்தியமாயிற்று. ஆனால் புகையும் கரியும் நிறைந்தன. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்தது.

எரிவாயுவில் இந்தக் குறை இல்லை. அது ஒயிலில் கலந்து அதைக் கெடுப்பதில்லை; கரியும் குறைவு. இலங்கையில் வாகனங்களை எரிவாயுவுக்கு மாற்றும் தொழில் 1990களில் தொடங்கியது. இன்று லாஃப்ஸ் என்று நாம் அறியும் நிறுவனமே 1995இல் காஸ் ஓட்டோ லங்கா என்ற பெயரில் இந்த வேலையைச் செய்யத்தான் ஆரம்பிக்கப்பட்டது.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

நாம் காஸ் என்று சொல்வது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அமுக்கத்தில் இவை திரவமாக இருக்கும். அமுக்கம் நீங்கினால் புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் ஏறக்குறைய பூச்சியம் பாகையில் ஆவியாகும். திரவமாக இருக்கும் ஒரு லீற்றர், வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லீற்றர் வாயுவாக விரியும்.

கலவை மாறினால் அமுக்கமும் மாறும். 30 பாகை வெப்பத்தில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்ததை நாம் மறக்கவில்லை. அப்போது பெரிதாகப் பேசப்பட்ட காரணம் இந்தக் கலவை மாற்றமே. அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் அடுப்பின் குழாயிலேயே இப்படி என்றால், கல்லிலும் பள்ளத்திலும் குலுங்கும் ஜீப்பில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய ஜீப்புக்கு என்ன நன்மை?

முதல் நன்மை செங்குத்தான பாதையில் தெரியும். காபரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோலின் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. ஜீப் பெரும் சரிவில் ஏறும்போதும் ஒரு பக்கம் சாயும்போதும் அந்த மட்டம் தடுமாறும். எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும், அல்லது பெற்றோல் வழிந்து பிளக்கை நனைத்துவிடும். நோயாளியை ஏற்றிக்கொண்டு வரும்போது நடுச் சரிவில் எஞ்சின் நின்றால் என்ன பாடு என்பது இங்குள்ள சாரதிகளுக்குத் தெரியும். எரிவாயுவுக்குக் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. வாகனம் எப்படிச் சாய்ந்தாலும் வாயு ஒரே சீராக வரும்.

இரண்டாவது நன்மை, ஒயிலும் பிளக்கும் நீண்ட நாள் சுத்தமாக இருப்பது. மூன்றாவது, எரிவாயுவின் ஒக்டேன் எண் 100க்கும் மேல் என்பதால் ஏற்றத்தில் எஞ்சின் ‘நொக்’ அடிக்காது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒரு லீற்றர் எரிவாயுவில் உள்ள சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ளதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆகவே அதே தூரத்துக்குக் கூடுதலான லீற்றர் வேண்டும். வாயு எஞ்சினுக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் காற்று குறைந்து, இழுவையும் சற்றுக் குறையும். பழைய வில்லிஸ், லேண்ட் ரோவர் பெற்றோல் எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7க்கு 1 என்ற அளவில் இருப்பதால், உயர்ந்த ஒக்டேனின் முழுப் பயனையும் அவற்றால் எடுக்க முடியாது. டீசல் எஞ்சினில் பிளக் இல்லை. எனவே அதை இந்த முறையில் மாற்ற முடியாது.

வால்வு இருக்கையையும் கவனிக்க வேண்டும். முற்காலத்துப் பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வால்வு இருக்கைகளுக்குக் காப்பாக இருந்தது. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. எரிவாயுவிலும் அந்தக் காப்பு இல்லை. வலுவான இருக்கை பொருத்தப்படாத எஞ்சினில் அது மெல்ல மெல்லத் தேய்ந்து, வால்வு இடைவெளி சுருங்கி, அமுக்கம் குறையும். எஞ்சினைத் திறக்கும் வேலை வரும்போது கடினமான இருக்கைகளைப் போட்டுவிடுவது நல்லது.

முறையான மாற்றத்தில் என்னென்ன இருக்கும்?

1. வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட தாங்கி. இது 80 வீதம் நிரம்பியதும் தானே மூடிக்கொள்ளும். வெயிலில் திரவம் விரிவதற்கு மிகுதி 20 வீதம் வெறுமையாக இருக்க வேண்டும்.

2. மின்சாரத்தால் இயங்கும் அடைப்பு வால்வு. எஞ்சின் நின்றால், அல்லது வாகனம் புரண்டு எஞ்சின் அணைந்தால், வாயு உடனே நின்றுவிட வேண்டும்.

3. ‘வேப்பரைசர்’ எனப்படும் ஆவியாக்கி. தாங்கியிலிருந்து திரவமாக வருவதை இது வாயுவாக்கி அமுக்கத்தையும் குறைக்கும். ஆவியாகும்போது கடும் குளிர் உண்டாகும். ஆகவே ரேடியேற்றரின் சுடுநீர் இதைச் சுற்றி ஓட வேண்டும். ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்தால் ஆவியாக்கி உறைந்து எஞ்சின் நின்றுவிடும்.

4. மிக்ஸர். வாயுவையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது இது.

5. பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் மாற்றும் சுவிட்ச். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடான பின் எரிவாயுவுக்கு மாற்றலாம்.

இவற்றோடு பற்றவைக்கும் பகுதியும் செம்மையாக இருக்க வேண்டும். எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க வலுவான பொறி தேவை. பழைய பிளக், வெடித்த வயர், தேய்ந்த பொயின்ற் ஆகியவற்றுடன் ஓட்டினால் எஞ்சின் ‘மிஸ்’ அடித்து, தீ மிக்ஸர் வழியாகத் திரும்பி வெடிக்கலாம். மாற்றம் செய்தபின் டைமிங்கையும் புதிதாகப் பார்த்து அமைக்க வேண்டும். பெற்றோலுக்கு உரிய சாதாரண இறப்பர்க் குழாயை எரிவாயுவுக்குப் போடவே கூடாது. அதை எரிவாயு அரித்துவிடும்.

சமையல் சிலிண்டர் ஏன் கூடாது?

நிமிர்ந்து நிற்கும் சமையல் சிலிண்டரின் மேற்பகுதியிலிருந்து வருவது ஆவி. அடுப்புக்கு ஒரு மணித்தியாலத்தில் சில நூறு கிராம் போதும். மலையேறும் ஜீப்புக்கோ அதே நேரத்தில் சில கிலோ வேண்டும். அவ்வளவு வேகமாக ஆவியை இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே பனி பூத்து, அமுக்கம் விழுந்துவிடும். சரியாக ஏற்றத்தின் நடுவில் எஞ்சின் நின்றுவிடும்.

இதைக் கண்ட சிலர் சிலிண்டரைக் கவிழ்த்து வைத்துத் திரவத்தை எடுக்கப் பார்க்கின்றனர். இது அதைவிட ஆபத்து. அமுக்கம் மிஞ்சும்போது ஆவியை வெளிவிடுவதற்காக உள்ள பாதுகாப்பு வால்வு அப்போது திரவத்துக்குள் மூழ்கியிருக்கும். அது திறந்தால் வெளியே பாய்வது திரவம். அது 250 மடங்கு விரிந்து வண்டியைச் சூழ்ந்துகொள்ளும்.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; ஜீப்பின் தரையிலும், இருக்கைக்கு அடியிலும், கராஜின் பள்ளத்திலும் தங்கும். காற்றில் ஏறத்தாழ 2 வீதம் கலந்தாலே பற்றக்கூடிய நிலை வந்துவிடும். அதற்கு ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒரு பொறி போதும்.

எமது அயலிலும் இதற்குப் பாடம் உண்டு. தமிழ்நாட்டில் வான்களில் வீட்டுச் சிலிண்டரை மறைத்து வைத்து ஓட்டும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அதனால் வான்கள் பயணிகளுடன் தீப்பற்றிய சம்பவங்களும் உண்டு. இந்தியாவில் 2000இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2001இல் தனி ஆணையும் பிறப்பித்து, வாகனத்துக்கு உரிய தாங்கியும் உபகரணமும் இருந்தால் மட்டும் எரிவாயுவில் ஓட்டலாம் என்று ஒழுங்கு செய்தார்கள்.

கணக்குப் பார்ப்போம்

எரிவாயு மலிவு என்று மட்டும் கேட்டுவிட்டு முடிவு செய்யக் கூடாது. ஓர் உதாரணம். பெற்றோலில் லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் ஜீப், எரிவாயுவில் 4.8 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே ஒரு லீற்றர் எரிவாயுவின் விலை, ஒரு லீற்றர் பெற்றோலின் விலையில் 80 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் மிச்சம் என்ற பேச்சே தொடங்கும்.

அடுத்தது தூரம். வாகனத் தாங்கிக்கு எரிவாயு ஏற்றும் நிலையம் ஊருக்கு ஊர் இல்லை. அது 30 கிலோமீற்றர் தூரத்தில் இருப்பதாக வைப்போம். 60 லீற்றர் தாங்கியில் 80 வீதம் என்றால் 48 லீற்றர். அதில் 230 கிலோமீற்றர் ஓடலாம். நிலையத்துக்குப் போய்வர 60 கிலோமீற்றர் கழிந்தால் எமது வேலைக்கு மிஞ்சுவது 170 கிலோமீற்றரே. ஒவ்வொரு முறையும் நிரப்பிய எரிவாயுவில் கால் பங்குக்கும் மேல், எரிவாயு வாங்கப் போவதற்கே செலவாகிறது! விலையில் கிடைத்த இலாபம் பாதையிலேயே கரைந்துவிடும். மாறாக, வாரந்தோறும் வேறு வேலையாக அந்த நகரத்துக்குப் போகும் வாகனத்துக்கு இந்தச் செலவு இல்லை. மாற்றம் அதற்குப் பொருந்தும்.

2022ஐயும் மறக்க வேண்டாம். அந்த ஆண்டு பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். ஜூலையில் கியூஆர் முறை வந்தது. அதே ஆண்டில்தான் வெற்றுச் சிலிண்டர்களோடும் வீதியோரத்தில் காத்திருந்தோம். இரண்டும் கப்பலில் வருபவை. இரண்டுக்கும் டொலர் வேண்டும். ஆகவே பெற்றோல் தாங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு எரிவாயுவை மட்டும் நம்புவது புத்தியல்ல. இரண்டிலும் ஓடக்கூடிய ஒழுங்கே எமது மலைப் பாதைகளுக்கு ஏற்றது.

நாம் சொல்லும் ஒழுங்கு

முதலில் இருப்பதைச் சீர் செய்யுங்கள். காபரேற்றரைக் கழுவி மிதவை மட்டத்தைச் சரிபார்த்தல், பிளக்கும் பொயின்றும் மாற்றுதல், தாங்கியின் துருவை நீக்குதல், வால்வு இடைவெளியை அமைத்தல், ரயருக்கு அளவான காற்று வைத்தல் ஆகிய வேலைகளுக்கு ஆகும் செலவு மாற்றத்தின் செலவில் சிறு பகுதியே. பல பழைய ஜீப்புகள் அளவுக்கு மீறிப் பெற்றோல் குடிப்பதற்கு இந்தக் குறைகளே காரணம். இவற்றைத் திருத்தாமல் எரிவாயு பொருத்தினால், அதையும் அளவுக்கு மீறியே குடிக்கும்.

அதன் பின்னரும் கணக்கு இலாபம் காட்டினால், இத்தொழிலைக் கற்ற, பொறுப்பேற்கக்கூடிய இடத்தில் மட்டும் மாற்றம் செய்யுங்கள். தாங்கியின் பரிசோதனைத் திகதியைக் கேட்டுப் பாருங்கள். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் எரிபொருள் மாற்றத்தை அறிவித்துப் பதிந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பூட்டிலும் சவர்க்கார நுரையைத் தடவிக் கசிவு பாருங்கள். தீக்குச்சியை உரசிப் பார்க்கவே வேண்டாம். மணம் வந்தால் வால்வை மூடி, ஆட்களை இறக்கி, வண்டியைக் காற்றாட விடுங்கள். மணம் நீங்கும்வரை எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள்.

மலை மேல் உள்ள வீடுகளுக்கு அந்தப் பழைய ஜீப் வெறும் வாகனம் அல்ல. அவசர வேளையில் அம்புலன்ஸும் அதுவே. பெற்றோலில் சில நூறு ரூபா மிச்சம் பிடிப்பதற்காக, அதில் ஏறும் தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் வைக்க எமக்கு உரிமை இல்லை. மிச்சம் பிடிப்பது நல்லது. உயிர்களைக் காப்பது எமது முதற் கடமை.