புகைக்கு ஈடு

வளி ஏற்கனவே கெட்டுப்போன ஊரில் இன்னுமொரு தொழிற்சாலைக்கு இடமளிக்கலாமா? ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் இக்கேள்வி எழுந்தது. 1970ஆம் ஆண்டின் தூய வளிச் சட்டப்படி நகரங்கள் தமது வளியைத் தூய்மையாக்க 1975 வரை தவணை இருந்தது. பல நகரங்களால் அது முடியவில்லை. அங்கு புதிய ஆலைகளை அடியோடு தடுத்தால் மக்களுக்கு வேலை கிடையாது. அனுமதித்தால் வளி மேலும் கெடும். 1976இல் அந்நாட்டின் சூழல் பாதுகாப்பு முகவர் நிலையம் ஒரு வழி சொன்னது. புதிதாகப் புகை விட வருபவர், அப்பிரதேசத்தில் வேறு ஆலைகள் விடும் புகையைக் குறைப்பித்து ஈடு காட்டவேண்டும். 1977இல் இது சட்டமாயிற்று.

1990இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. புகைமூட்டத்தை உண்டாக்கும் வாயுக்களில் 10 தொன் விடுவதற்கு, ஓரளவு பாதிக்கப்பட்ட இடத்தில் 11 தொன் குறைக்கவேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸ் போன்ற மிக மோசமான இடத்தில் 15 தொன் என்பது பொது விதி. ஆகவே ஆலை ஒன்று வரும்போது மொத்த மாசு குறையவேண்டும். இந்த அளவில் இதை நல்ல ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் மொத்தக் கணக்கை யாரும் சுவாசிப்பதில்லை. பறிபோன காணிக்கு வேறெங்கோ ஒரு துண்டு காணி என்ற பேச்சைக் கேட்டுப் பழகிய எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லொஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசத்தில் 1993இல் இதே எண்ணத்தில் பிறந்த இன்னொரு விதி வந்தது. பழைய கார்களை வாங்கி நொருக்கும் எண்ணெய்க் கம்பனிகள், அதற்குரிய வரவைக் காட்டி, தமது துறைகளில் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவி பூட்டாமல் இருக்கலாம். கப்பலில் எண்ணெய் ஏற்றும்போது எழும் ஆவியைப் பிடிக்கும் கருவி அது. நொருக்கப்பட்ட கார்கள் பரந்த பிரதேசமெங்கும் புகை விட்டவை. எண்ணெய் ஆவியோ துறைகளை அண்டி வாழ்ந்தோரையே சூழ்ந்தது. அவர்களிற் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள். அந்த ஆவியில் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்ல பென்சீன் உண்டு. கார்ப் புகையிலும் அது உண்டுதான். ஆனால் அது ஒரே வீட்டு வாசலில் வந்து குவிவதில்லை. மேலும், பழைய கார் எப்படியும் சில ஆண்டுகளில் நின்றுவிடும். எண்ணெய்த் துறை நிற்காது.

1997இல் சூழல் அமைப்பொன்று, இது அம்மக்களின் சம உரிமையை மீறுவதாக மத்திய அரசிடம் முறைப்பாடு செய்தது. ஓடாமற் கிடந்த கார்களுக்கும் ஓடும் கார்களுக்குரிய வரவே எழுதப்பட்டது என்ற குற்றச்சாட்டும் அக்காலத்தில் எழுந்தது.