புகை இருந்தால் நெருப்பா? மணிமேகலையின் அளவையும் 1898ஆம் ஆண்டும்



2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவித்தார்கள். மாணவர்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள்; வீட்டில் கேட்டுப் பாருங்க. கண்ணெதிரே புகை. நெருப்போ கடலுக்கு அப்பால், சுமத்திராவில். ‘புகை இருக்கு, அதனால் இங்கேதான் நெருப்பு’ என்று ஒருவர் வாதிட்டால் எங்கே தவறு?

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிப்பது இந்த மாதிரி விஷயத்தைத்தான். நாம் வகுப்பில் பெரும்பாலும் தாண்டிப் போகிற காதை அது. கலைச்சொற்களைக் கண்டு நானும் முதலில் பயந்தவள்தான். ஒரு வாதத்துக்குப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) வேண்டும். மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. உபநயம், நிகமனம் என்ற மற்ற இரண்டு உறுப்புகளும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும். பிறகு போலிகள் வரிசையாக வருகின்றன. தெரிவது புகையா பனியா என்ற ஐயம் தீருமுன்பே நெருப்பு உண்டு எனத் துணிவது ஏதுப்போலி; பெயர் சித்தாசித்தம். காலையில் ஜன்னலைத் திறந்து மூடுபனியா புகைமூட்டமா என்று விழிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான். ஆகமமும் அதில் ஒன்று. அறவண அடிகளுக்கோ காட்சி, கருத்து இரண்டே போதும். ‘நூலில் இருக்கிறது’ என்பது மட்டும் தனிச் சான்று ஆகாது.

இந்தக் காப்பியத்தை உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். பௌத்தக் கருத்துகள் புரியாமல் அவர் திணறியபோது, மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். தமிழில் இருந்த தருக்கத்தைத் திறக்க மேல்நாட்டாரின் நூல் தேவைப்பட்டது! எனக்கு இன்றும் வியப்புதான்.

அதே 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு சென்று பௌத்தம் ஏற்று, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ். பகுத்தறிவு மேற்கிலிருந்து இறக்குமதியானது என்பதையும் அவர் ஏற்கவில்லை, சாதிக்குச் சாத்திரமே சான்று என்பதையும் ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோரே பண்டைய பௌத்தர்கள் என்று வாதிட்டார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாம் எனக்கு உடன்பாடில்லை. சிலவற்றில் ஏது வலுவாக இல்லை. அவர் காலத்துச் சென்னை அறிவியல் பேராசிரியர் பி.லட்சுமி நரசு வேறு வழியில் போனார். 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலில், புத்தரின் நெறி அறிவியலோடு முரண்படாது என்று காட்டினார். 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதி அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

நம் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் உள்ள பௌத்த மகா விகாரையும் அதே காலத்தது. இலங்கையர் 1894இல் தொடங்கிய சங்கம் அதை நடத்துகிறது. மணிமேகலை பாடத்துக்கு முன் மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போங்க.

இப்போது பயிற்சி. ‘பள்ளியில் கைத்தொலைபேசியை அனுமதிக்கக் கூடாது, ஏனெனில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்று என் படிவம் ஐந்து மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். பக்கம் இருக்கிறது. ஏது எங்கே? திட்டாந்தம் எங்கே? இரண்டையும் நீங்களே எழுதி, வகுப்பில் பக்கத்து நண்பரிடம் கொடுத்துப் போலி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.