"வெள்ளிக்கிழமை நல்லாத்தானே இருந்தே?"

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தாள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தலைக்குக் குளித்து, சாம்பாரும் பொரியலும் முடித்து, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டாள். 'இன்னைக்கு உடம்பு பரவாயில்லையே' என்று பரணையும் ஒழித்துப் போட்டாள். சனிக்கிழமை எப்படியோ ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. தொண்டை கரகரத்தது. அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலித்தது. டியூப்லைட் வெளிச்சம்கூடக் கண்ணைக் கூசியது. மாமியார் கதவோரம் நின்று கேட்டார்: "வெள்ளிக்கிழமை நல்லாத்தானேம்மா இருந்தே?"

இது நான் கட்டிச் சொல்லும் காட்சிதான். ஆனால் நாட்பட்ட சோர்வு நோய் உள்ள ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள், "எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தீர்கள்?" என்பார்.

அசதி வேறு, இது வேறு

அசதி, அலுப்பு, களைப்பு, அயர்ச்சி என்று நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவை எல்லாமே ஒரு நல்ல தூக்கத்தில் தீர்ந்துபோகிறவை. இந்த நோயில் தூக்கமும் உதவாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவெல்லாம் மூட்டை தூக்கியது போலவே இருக்கும்.

அதைவிட முக்கியமான அடையாளம், உழைப்புக்குப் பின் வரும் சரிவு. அது உடனே வராது. பெரும்பாலும் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து வந்து, நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்க வைக்கும். கல்யாண வீட்டில் நான்கு மணி நேரம் பேசிச் சிரித்ததும், ஒரு விண்ணப்பப் படிவத்தை உட்கார்ந்து நிரப்பியதும்கூட அதற்குக் காரணமாகலாம். மூளை உழைப்பும் உழைப்புதான். இவற்றோடு நினைவு மங்குவதும் உண்டு. பாதி வாக்கியத்தில் சொல் தொலைந்துபோகும். எழுந்து நின்றால் படபடப்பும் கிறுகிறுப்பும் வரும், படுத்தால் தணியும்.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2015இல் வகுத்த வரையறைப்படி, இந்தத் தொல்லைகள் 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் 3 மாதம் போதும் என்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. அவள் அலுத்துக்கொள்கிறாள் என்று வீடும் ஊரும் கடந்துபோவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஒரு மருத்துவமனையே படுத்த கதை

1955ஆம் ஆண்டு ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஊழியர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர். மருத்துவமனையையே சில மாதங்கள் மூட வேண்டி வந்தது. தசைவலி, தலைவலி, கழுத்தில் நெறிகட்டு, கை கால் பலவீனம் எல்லாம் இருந்தன. மறு ஆண்டு இதற்கு 'மயால்ஜிக் என்செபலோமயலைட்டிஸ்' என்ற வாயில் நுழையாத பெயர் வந்தது. 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது கூட்டாக வந்த மனக்கோளாறு என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெண்களே அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று! 1988இல் அமெரிக்காவில் இதே வகை நோய்க்கு 'நாட்பட்ட சோர்வு' என்ற பெயர் சூட்டப்பட்டது. டைபாய்டுக்கு 'ரொம்ப நாள் சூடு' என்று பெயர் வைத்த மாதிரிதான்.

பலருக்கு ஏதோ ஒரு தொற்றுக்காய்ச்சலுக்குப் பின் இது தொடங்குகிறது. கோவிட் வந்துபோனவர்களில் ஒரு பகுதியினர் இதே நிலையில் சிக்கிக்கொண்ட பிறகுதான் உலகம் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்கிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை

அதற்காக, சோர்வு என்றதும் இந்தப் பெயரைத் தூக்கி மாட்டிக்கொள்ளவும் கூடாது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21), இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், சிறுநீரகக் கோளாறு, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு என்று பார்க்க வேண்டிய பட்டியல் நீளம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நாட்பட்ட சோர்வைக் காட்டித்தரும் தனிப் பரிசோதனை எதுவும் இல்லை. மற்றவற்றை விலக்கி, அடையாளங்களைக் கேட்டறிந்துதான் மருத்துவர் முடிவுக்கு வருவார்.

மனச்சோர்வும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். மனச்சோர்வில் பெரும்பாலும் எதன்மேலும் நாட்டம் போய்விடுகிறது. இங்கே ஆசை அப்படியே இருக்கிறது, உடம்பு வரமாட்டேன் என்கிறது. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

எட்டுக் குடம் தண்ணீர்

கோடையில் தண்ணீர் லாரி வந்து எட்டுக் குடம்தான் கிடைத்தது என்றால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? குடிக்க இவ்வளவு, சமைக்க இவ்வளவு, பாத்திரத்துக்கு இவ்வளவு என்று மனத்திலேயே பிரித்துவிடுவார்கள். முதல் மணி நேரத்திலேயே வாசலைக் கழுவிவிட மாட்டார்கள். இந்த நோயாளியின் தெம்பும் அந்த எட்டுக் குடம்தான். ஆங்கில மருத்துவர்கள் இதை 'பேசிங்' என்கிறார்கள், அதாவது அளந்து செலவழிப்பது. குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லாத நிலையில், சரிவைத் தடுக்கக் கையில் உள்ள முதல் வழி இது.

களைத்த பிறகு ஓய்வெடுப்பது போதாது, களைக்கும் முன்பே எடுக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் முடியும்' என்று தோன்றும்போதே கரண்டியைக் கீழே வைப்பதுதான் கடினமான பாடம். காய் நறுக்க நிற்க வேண்டாம், முக்காலியில் உட்காரலாம். குளியலறையிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டும். நின்றுகொண்டு வெந்நீரில் தலைக்குக் குளிப்பது இவர்களுக்குப் பெரிய வேலை. அந்த நாளில் துணி துவைப்பதையும் பரண் ஒழிப்பதையும் சேர்க்கவே கூடாது. அரை மணி நேர போன் பேச்சையும் கணக்கில் எழுத வேண்டும். நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் இருந்தால், துடிப்பு ஏறும்போதே உட்கார்ந்துவிடலாம்.

"தினமும் காலையில் நட, வாரம் ஐந்து நிமிடம் கூட்டு, எல்லாம் சரியாகிவிடும்" என்பது சர்க்கரைக்காரருக்கு நல்ல யோசனை. இந்த நோயில் அதுவே ஆளைப் படுக்கையில் தள்ளலாம். நைஸ் அமைப்பே முன்பு பரிந்துரைத்த படிப்படியான உடற்பயிற்சி முறையை 2021இல் விலக்கிக்கொண்டது. உடம்பு அனுமதிக்கும் எல்லைக்குள் கை காலை மெல்ல நீட்டி மடக்குவது வேறு, பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது வேறு.

சாப்பாடு எதைச் செய்யும், எதைச் செய்யாது

எந்த உணவும் இதைக் குணப்படுத்தாது. வாட்ஸ்அப்பில் வரும் 'நச்சு நீக்கும்' சாறுகளுக்கும், டப்பாவில் விற்கும் விலையுயர்ந்த பொடிகளுக்கும் இங்கே வேலையில்லை. ஆனால் சரியாகச் சாப்பிடாவிட்டால் எட்டுக் குடம் ஆறாகிவிடும்.

மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் செரிமானத்துக்காக ரத்தம் வயிற்றுப் பக்கம் போகும். நின்றால் தலைசுற்றுகிறவர்களுக்கு அப்போது தள்ளாட்டம் கூடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை நல்லது. சோற்றைக் குறைத்து, முட்டை, சுண்டல், பாசிப்பயறு, மீன், தயிர் என்று புரதத்தைக் கூட்டலாம். கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும், ஒரு மணி நேரமாவது போகட்டும். சைவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர்களுக்கு வெயில் படாததால் வைட்டமின் டி குறையும்.

நின்றால் படபடக்கிறவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் உதவலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொல்லையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. காபி தரும் தெம்பு கந்துவட்டிக் கடன். மத்தியானத்துக்குமேல் குடித்தால் ராத்திரித் தூக்கத்திலிருந்து வட்டி பிடிக்கும். விரதம் இருந்தே தீர வேண்டும் என்கிறவர்கள் பாலும் பழமுமாவது எடுத்துக்கொள்ளட்டும்.

சமைப்பதே பெரிய உழைப்பு என்பதைச் சத்துணவுப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல நாளில் அரைத்து வைத்த இட்லி மாவு, சத்துமாவு டப்பா, தலைமாட்டில் இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். சரிவு நாளுக்கு இவை போதும்.

சுவரில் ஒரு காலண்டர்

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று எல்லா வீட்டிலும் தொங்கும். பென்சிலைக் கட்டி வையுங்கள். அன்றன்று செய்த பெரிய வேலை, தூக்கம், உடம்பின் நிலை ஆகியவற்றைக் கட்டத்துக்கு இரண்டு சொல் எழுதினால் போதும். நோயாளிக்குக் கை ஓடாவிட்டால் வீட்டில் வேறு யாராவது எழுதலாம். ஒரு மாதம் கழித்துப் பொதுநல மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் கட்டத்தில் 'பரண்' என்றும், ஒரு கட்டம் தள்ளி ஞாயிற்றில் 'எழவில்லை' என்றும் இருக்கும். மாமியாரிடமும் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம்.