ஒரு பிடி அரிசி

எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கலயம் உண்டு. தினமும் உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவேன். அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப் பையில் கட்டிக் கோயிலுக்கு எடுத்துப் போவோம். (நெல்லைச் சீமையில் நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்லுவோம்.) 'பிடி அரிசிக் காணிக்கை' என்று இதற்குப் பெயர். எங்கோ இருக்கிற மிசோரம் மாநிலத்துச் சபைகளிலும் இதே வழக்கம் நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறதாம்.

ஒரு பிடியில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பிடி நாற்பது கிராம் என்று வைத்துக்கொண்டாலும், மாதம் ஒரு கிலோ இருநூறு கிராம் ஆகிறது. நாற்பது வீடுகள் போட்டால் 48 கிலோ! அந்த அரிசி எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்கு வரும். நாங்கள் அதைக் கஷ்டப்படுகிற குடும்பங்களுக்குக் கொடுப்போம்.

எப்படிக் கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆராதனை முடிந்ததும் மைக்கில் பெயர் வாசிப்போம். அவர்கள் எல்லார் முன்னாலும் எழுந்து வந்து பையை வாங்கிக்கொண்டு போவார்கள். சங்கத்துப் பெண்கள் நாங்கள் வரிசையாக நின்று கொடுப்போம். ஒரு குடும்பம் ஒரே தடவை வாங்கிவிட்டு, அப்புறம் கோயில் பக்கமே வரவில்லை. 'அவங்களுக்கு நன்றியே கிடையாது' என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

2019-ல் எனக்கு இருமல் வந்தது. சளிதான் என்று சுக்குக் கஷாயம் போட்டுக் குடித்தேன். மூன்று வாரமாகியும் நிற்கவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் காயும். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துப் பார்த்துவிட்டு, "டி.பி.தாம்மா. பயப்படாதீங்க. ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் என் தட்டும் தம்ளரும் பின்வாசல் திண்ணைக்குப் போய்விட்டன. மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் இந்த நோயில் செத்தவர்களைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் கடைசிப் பையன் வாசலில் நின்று, "அம்மா, எப்பம்மா உன்கிட்ட வரலாம்?" என்று கேட்பான். அதுதான் தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் 'அல்சர்' என்று சொல்லி வைத்தேன். கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மனம் பொறுக்காமல் ஐயரம்மாவிடம் (எங்கள் பக்கத்தில் போதகரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொல்லியிருக்கிறார். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சங்கத்துச் செயலாளர் அக்கா பின்வாசல் வழியாக வந்தார்கள். ரிடையரான டீச்சர். கையில் கூடை. மேலே முருங்கைக்கீரை, அடியில் அரிசி, பாசிப்பயறு, நிலக்கடலை, முட்டை.

எனக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது. வரிசையில் நின்று கொடுத்தவள் ஆயிற்றே நான்!

"வர்ற ஞாயிற்றுக்கிழமை என் பேரையும் மைக்கில வாசிப்பீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "வாசிக்க மாட்டோம்" என்று மட்டும் சொன்னார்கள். திண்ணையில் இருந்த என் தம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்தார்கள். "இது தட்டுல, தம்ளர்ல ஒட்டுற நோய் இல்ல. இருமும்போது காத்துல பரவுறது. வாயை மூடிக்கிட்டு, ஜன்னலைத் திறந்து வச்சு, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிட்டாப் போதும்" என்று மாமியாருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்கள். சில நாளில் என் தட்டு அடுக்களைக்குத் திரும்பி வந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் கோயிலில் யார் பெயரையும் வாசிப்பதில்லை. அரிசி வீடு தேடிப் போகிறது, அதுவும் காய்கறிக் கூடையில்.

இரண்டாம் மாதத்தில் காய்ச்சல் போய், நான்கு கிலோ எடையும் கூடிவிட்டது. இனி எதற்கு மாத்திரை என்று தோன்றியது. சகோதரிகளே, இந்த நோயில் ஆபத்தான கட்டமே இதுதான். பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமி மறுபடி தலையெடுக்கும், மருந்துக்கும் அடங்காமல் போகலாம். அக்கா தினமும் பால் வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார்கள். "ஏட்டி, மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவுதான். ஆறு மாதமும் அந்தக் குரல் ஓயவில்லை. அதனால்தான் நான் இன்று உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் ஊருக்கு வெளியே ஆரோக்கிய நிலையங்களில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும். இதை மாற்றியதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் அங்கே ஒரு ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதிப் பேரை ஆரோக்கிய நிலையத்தில் சேர்த்தார்கள். மீதிப் பேர் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வந்தது. இரு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அன்றைக்கே வீடு ஆஸ்பத்திரியாகிவிட்டது. அப்படியானால் பக்கத்து வீட்டுக்காரியும் பாதி நர்சுதானே?

இப்போது எங்கள் சங்கம் டி.பி. வீடுகளைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறது. இரண்டு விதி வைத்திருக்கிறோம். யார் வீட்டுக்கு என்ன போகிறது என்பது வெளியே வரக் கூடாது. சாதி, மதம் கேட்கக் கூடாது, மதமும் பேசக் கூடாது.

2023-ல் பீடி சுற்றுகிற ஒரு பெண் வீட்டுக்கு நான் போனேன். இருபத்து மூன்று வயது. புருஷன் கேரளாவில் கட்டட வேலை. ஏழு மாதக் குழந்தையை மாமியார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டாள். இவள் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவாள், வாந்தி எடுப்பாள். அதனால் பத்து நாளாக மாத்திரையையே தொடவில்லை.

முதல் கேள்வியே, "அக்கா, இதுக்கு உங்க கோயிலுக்கு வரணுமா?"

"வேண்டாம்மா. ஆஸ்பத்திரிக்கு மட்டும் வா" என்றேன்.

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் அந்த அம்மாளுக்கே நேராகச் சொன்னார். மருந்து சாப்பிடுகிற தாய் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். குழந்தையைச் சோதித்துவிட்டு, நோய் வராமலிருக்கத் தடுப்பு மருந்தும் கொடுத்தார். வாந்திக்கும் வழி சொன்னார். குழந்தை அன்று சாயங்காலமே தாயின் மடிக்கு வந்தது. இவள் ஆறு மாதமும் முடித்தாள். போன மாதம், கூட பீடி சுற்றுகிற ஒருத்தி விடாமல் இருமுகிறாள் என்று, அவளைத் தானே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள்.

எல்லாரையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால் பொய். ஒரு பனையேறும் அண்ணாச்சி மூன்றாம் மாதம் மாத்திரையை விட்டுவிட்டு வெளியூர் வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த வீட்டுக்கு இன்னும் கூடை போகிறது.

அரிசி கொடுத்தால் நோய் போகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சியில், நோயாளிக்கு உணவு கொடுத்ததோடு, அவர் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. மருந்து மருந்துதான், அதற்குப் பதில் சோறு ஆகாது. ஆனால் சோறும் சேர்ந்தால்தான் அந்த வீடு நிமிரும்.

நீங்களும் செய்யலாமே:

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் கஷாயத்தோடு நிற்காமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனையும் மருந்தும் இலவசம்.

• சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டுச் செலவுக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். ஆஸ்பத்திரியில் பதியும்போதே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.

• வாந்தி, கண் மஞ்சளாதல் இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயம் வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

• தனித் தட்டு வேண்டாம். காற்றும் வெளிச்சமும் வேண்டும்.

• கோயிலோ, பள்ளிவாசலோ, மாதர் சங்கமோ, உங்கள் தெருப் பெண்கள் நாலு பேரோ, ஒரு நோயாளியின் சத்துணவைப் பொறுப்பெடுக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிக்ஷய் மித்ரா' திட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது.

கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பின்வாசல் வழியாகப் போங்கள். கூடையில் கீரையை மேலே வையுங்கள். வாங்குகிறவள் நாளைக்கு உங்கள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரிக்க வேண்டுமே!