பாலத்தின் தடிப்பைக் கணினிக்கு எப்படிச் சொல்வது?

பாலமொன்றைக் கடந்து செல்லும்போது அதன் மேற்பரப்பை மட்டுமே நாம் காண்கிறோம். ஆற்றங்கரையில் நின்று பக்கவாட்டில் பார்த்தால், பல பெரிய கொங்கிறீற்றுப் பாலங்கள் தூணின் மேலே தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பது தெரியும். அழகுக்காக மட்டும் அப்படிக் கட்டுவதில்லை. தூணிலிருந்து இருபுறமும் கையை நீட்டியது போல் நிற்கும் பாலத்தில், தூணை அண்டிய பகுதியே கூடிய வளைவைத் தாங்க வேண்டியிருக்கிறது. நடுவில் தேவைக்கு மேல் கொங்கிறீற்று போட்டால் அந்தப் பாரமும் அதே இடத்தில்தான் வந்து சேரும்.

இத்தகைய பாலத்தைக் கட்டுமுன் பொறியியலாளர்கள் கணினியில் அதன் மாதிரியுருவை அமைத்து, எவ்வளவு வளையும், எங்கே வெடிக்கும் என்று கணிக்கிறார்கள். கணினி பாலத்தைக் கண்டதில்லை. நாம் கொடுக்கும் எண்கள்தாம் அதற்குப் பாலம். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்கும் எனக்கு இந்த விடயம் மிகவும் பிடித்துப்போனதற்குக் காரணம், இதன் அடிப்படை எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருப்பதுதான்.

முதலில் ஒரு கேள்வி. தடிப்பு மாறுகிறதென்றால் சராசரித் தடிப்பைக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. ஓர் அடிமட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், இலகுவாக வளையும். அதையே நிமிர்த்திப் பிடித்து வளைக்க முடியாது. வளைவை எதிர்க்கும் விறைப்பு, தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதே இதற்குக் காரணம். ஒரு தட்டு ஒரு முனையில் 20 சென்ரிமீற்றரும் மறுமுனையில் 40 சென்ரிமீற்றரும் தடிப்புடையது என்போம். தடிப்புகள் 2:4 என்றால் விறைப்புகள் 8:64. அதாவது தடிப்பு இரு மடங்காக, விறைப்பு எட்டு மடங்காகிறது. சராசரியான 30 சென்ரிமீற்றரைக் கொடுத்தால் தட்டு முழுவதற்கும் விறைப்பு 27 என்றாகிவிடும். அப்போது மெல்லிய முனை, உண்மையில் இருப்பதை விட மூன்று மடங்குக்கு மேல் பலமானதாகக் கணினிக்குத் தோன்றும். தடித்த முனையோ பாதிப் பலமும் இல்லாததாகத் தோன்றும்.

ஆகவே பாலத்தை நீளவாக்கில் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நடுவிலுள்ள தடிப்பைக் கொடுத்தால், சரிவான அடிப்பக்கம் படிக்கட்டுப் போல் அமையும். துண்டுகள் சிறுக்கச் சிறுக்கப் படிகள் மறைந்து உண்மை வடிவத்தை நெருங்கும். இணைந்த கணிதத்தில் வளையியின் கீழுள்ள பரப்பைச் சிறு கீலங்களாக வெட்டித் தொகையிடுகிறோமே, அதே எண்ணம்தான் இது. சில மென்பொருட்களில் துண்டின் இரு முனைகளுக்கும் வெவ்வேறு தடிப்புகளைக் கொடுக்கும் வசதியும் உண்டு.

அடுத்தது மையக்கோடு. பொதுவாகக் கணினி ஒரு தட்டை அதன் தடிப்பின் நடுவே செல்லும் கோடாக அல்லது தளமாகவே எடுத்துக்கொள்கிறது. பாலத்தின் மேற்பரப்போ வீதிக்காக மட்டமாக இருக்கிறது. அடிப்பக்கம் மட்டுமே ஏறி இறங்குகிறது. எனவே 40 சென்ரிமீற்றர் தடித்த இடத்தில் மையம் வீதிக்கு 20 சென்ரிமீற்றர் கீழேயும், 20 சென்ரிமீற்றர் தடித்த இடத்தில் 10 சென்ரிமீற்றர் கீழேயும் இருக்கும். இந்த ஏற்றத்தைச் சொல்லாமல் எல்லாத் துண்டுகளையும் ஒரே மட்டத்தில் அடுக்கினால், பாலம் வில்லைப் போல் வளைந்து பாரத்தின் ஒரு பங்கைத் தூண்களுக்குத் தள்ளுவது கணக்கில் வராமல் போய்விடும்.

மூன்றாவது விடயம் காலம். அப்பத்தின் விளிம்பு மெல்லியது, அதனால் சீக்கிரம் காய்ந்து மொறுமொறுப்பாகிறது. நடுப்பகுதி தடித்தது, அது ஈரமாகவே இருக்கிறது. மாவு ஒன்று, சட்டியும் ஒன்று. தடிப்பு மட்டுமே வேறு. கொங்கிறீற்றும் அப்படித்தான். தடிப்பு இரு மடங்கானால் உலர எடுக்கும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். உலரும்போது கொங்கிறீற்று சுருங்கும். நீண்ட காலம் பாரத்தைத் தாங்கும்போது மெல்ல மெல்ல இசைந்தும் கொடுக்கும். இதைத் தவழ்வு என்பார்கள். ஒரே பாலத்தின் மெல்லிய பகுதியும் தடித்த பகுதியும் வெவ்வேறு வேகத்தில் இவ்வாறு மாறுகின்றன.

இதன் பாரதூரத்தை பசுபிக் சமுத்திரத்திலுள்ள பலாவு நாட்டின் ஒரு பாலம் காட்டுகிறது. கொரோர், பாபெல்டாப் என்னும் இரு தீவுகளை இணைத்து 1977இல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுப்பகுதி 241 மீற்றர் நீளமானது. அக்காலத்தில் அவ்வகைப் பாலங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். உள்ளே வெறுமையான பெட்டி போன்ற அதன் உயரம், தூணருகே ஏறத்தாழ 14 மீற்றர். நடுவில் 4 மீற்றருக்கும் குறைவு. பெட்டியின் அடித்தட்டு தூணருகே 1 மீற்றருக்கு மேல் தடித்திருந்தது. நடுவில் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர்தான். பக்கச் சுவர்களின் தடிப்போ ஏறத்தாழ 36 சென்ரிமீற்றர்.

பாலத்தின் நடுப்பகுதி வருடா வருடம் தாழ்ந்துகொண்டே போய், எதிர்பார்த்ததை விட இரு மடங்குக்கும் அதிகமாகத் தொய்ந்தது. திருத்த வேலை முடிந்து சில மாதங்களில், 1996 செப்ரெம்பர் 26ஆம் திகதி பாலம் இடிந்து வீழ்ந்தது. இருவர் உயிரிழந்தனர். பாலத்தின் வழியே சென்ற நீரும் மின்சாரமும் தடைப்பட்டன.

பாலத்தின் விபரங்கள் 2008இல் வெளியிடப்பட்ட பின், அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகப் பேராசிரியர் பசான்ற்றும் அவரது குழுவினரும் பாலத்தை முப்பரிமாணச் சிறு துண்டுகளாகக் கணினியில் அமைத்து ஆராய்ந்தார்கள். பாலத்தை ஒற்றை வளையாக எடுத்துக் கணித்ததும், நீண்ட காலத் தவழ்வைக் குறைத்து மதிப்பிட்ட பழைய சூத்திரங்களும், வெவ்வேறு தடிப்புள்ள தட்டுகள் வெவ்வேறு வேகத்தில் உலர்வதைக் கவனியாததும் அந்தத் தொய்வு முன்கூட்டியே தெரியாமல் போனதற்குக் காரணங்கள் என்று காட்டினார்கள்.

சகோதரிகளே, கணினி தரும் விடை தசம தானங்களுடன் அழகாக வரும். நாம் சொன்ன தடிப்பு பிழையென்றாலும் அது அதே அழகுடன்தான் வரும். பாலத்தின் மேல் செல்பவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. நம்பிக்கையோடு நடந்து போகிறார்கள். ஆகவே கணினியில் இடும் ஒவ்வோர் எண்ணும் ஓர் அமானிதம். நாளை எங்களில் எவரேனும் பொறியியலாளராகி அந்த இருக்கையில் அமர்ந்தால், இன்ஷா அல்லாஹ், விடையைப் பார்க்குமுன் கொடுத்த தடிப்புகளை இன்னொரு முறை பார்ப்போமாக.