இருதலைப்பட்சி
பட்டுக் கரைக்கான கட்டத்தாள் வரைவு

நரசிம்மரை அடக்கச் சிவன் சரபமானார். சரபத்தை எதிர்க்கத் திருமால் கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவையின் வடிவெடுத்தார் என்பது வைணவ மரபு. ஓர் உடல், இரு தலை, அலகில் யானை: வலிமையைக் காட்ட இதைவிடத் துணிச்சலான கற்பனை அரிது. விஜயநகரத்தின் அச்சுதராயர் (1529–1542) இதைப் பொற்காசில் பொறித்தார்.

நெசவாளர் இதனை இருதலைப்பட்சி என்பர். கட்டத்தாளில் நிரப்பிய ஒவ்வொரு கட்டத்துக்கும் துணியில் சரிகை மேலே தெரியும். அதற்கேற்ப ஜக்கார்டு அட்டையில் துளையிடுவர். இருபுறமும் ஒத்த உருவம் என்பதால் பாதியை வரைந்து திருப்பினால் போதும். பறவையின் கண்ணைக் கிட்டே நின்று பாருங்கள். நிரப்பாமல் விட்ட ஒற்றைக் கட்டம் அது. சரிகைக்கு நடுவே அங்கே பட்டின் நிறம் மட்டும் தெரியும்.