கொங்குச் சவன்னாவில் மூன்று நாள்

பறவை போகும் பாதை – 11

சென்ற வாரம் மாசாய் மாரா பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பல ஒரே கேள்வியைக் கேட்டன. கோவையிலிருந்து கிளம்பி, குறைந்த நாளில், அப்படி ஒரு புல்வெளியையும் அதன் பறவைகளையும் விலங்குகளையும் பார்த்துவர எப்படித் திட்டமிடுவது? கென்யாவுக்கான யோசனைகளைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் மூன்று நாளை நம் மண்ணுக்குக் கொடுங்கள். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்து மேய்ச்சல் நிலமும் சவன்னாதான். பவானிசாகருக்கு மேலே மாயாறு ஓடிவரும் பள்ளத்தாக்கும் சவன்னாதான். இரண்டையும் புரிந்துகொள்ள மாட்டைப் பின்தொடர்ந்து போனால் போதும். இந்தத் திட்டத்தையும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

சவன்னா என்றால் தரை முழுக்கப் புல், நடுநடுவே தள்ளித் தள்ளி மரம், வெயில் தடையின்றித் தரையைத் தொடும் வெளி. நீண்ட வறட்சியும் மேய்ச்சலும்தான் அதை அப்படி வைத்திருக்கின்றன. புல் அடியிலிருந்து வளர்வது. கடித்தாலும் மறுபடி தழைக்கும். மரக்கன்று நுனியிலிருந்து வளர்வது, கடிபட்டால் பின்தங்கிப்போகும். செரங்கெட்டியில் இந்த வேலையை வரிக்குதிரையும் காட்டுமாடும் (வில்டபீஸ்ட்) செய்கின்றன. காங்கயத்தில் காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் செய்கின்றன.

கொரங்காடு என்று நம் விவசாயிகள் சொல்லும் நிலத்தைத்தான் சொல்கிறேன். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம். வேலி கெட்டியாக இருப்பதால் மேய்ப்பவர் கூடவே நிற்க வேண்டியதில்லை; காலையில் மாட்டைப் பத்திவிட்டு மாலையில் ஓட்டிவரலாம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள்; மேய்ந்த காடு தேறிக்கொள்ளும். புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும். ஆப்பிரிக்காவில் குடைபோல் விரிந்து நிற்கும் வேல மரங்களின் காய்க்காக யானையும் இம்பாலா மானும் மரத்தடிக்கு வருவது இதே காரணத்தால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மண்ணில் பல தலைமுறைகளாக உழவர்கள் கட்டிக்காத்த ஏற்பாடு இது. எந்த அரசாணையும் இதைக் காப்பகமாக அறிவிக்கவில்லை.

முதல் நாள் இங்கேதான். கூடுமானால் அது ஞாயிறாக இருக்கட்டும். நத்தக்காடையூர் பக்கம் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கயம் மாட்டுச் சந்தை கூடும். ஆனால் சந்தை அப்புறம், பறவை காத்திருக்காது. விடியும்போதே கொரங்காட்டு வேலியோரம் நிற்க வேண்டும். கோவையிலிருந்து இருட்டோடு கிளம்பினால் பல்லடம் வழியாக வந்துவிடலாம். நிலம் தனியாருடையது என்பதை மறக்க வேண்டாம். கண்ணில் படுபவரிடம் கேட்டுவிட்டே உள்ளே போங்கள். மூலனூர்ப் பக்கம் ஒரு பெரியவர் என்னிடம், “ஏனுங்க, குருவி பாக்கத்தானே, தாராளமாப் பாருங்க. படலை மட்டும் சாத்தீட்டுப் போங்க, மாடு ரோட்டுக்கு வந்துரும்” என்றார். அந்த ஒரு நிபந்தனையைக் காப்பாற்றினால் போதும்.

என்ன பார்க்கலாம்? கவுதாரி கூப்பிடும் குரலோடு பொழுது விடியும். சாம்பல்தலை வானம்பாடி விறுவிறுவென்று மேலேறி, சிறகை மடக்கிக்கொண்டு சீழ்க்கையோடு கீழே பாயும். தரையைத் தொடுமுன் மறுபடி எழும்பும். மாட்டின் காலடியில் உண்ணிக்கொக்கு, முதுகில் கரிச்சான். மாராவில் எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் பறவை உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வரும். புல் குட்டையாக மேய்ந்துகிடக்கும் இடங்களில் கல்குருவியைத் தேடுங்கள். ஓடும், நிற்கும், நின்றால் மண்ணோடு மண். பொறுமைதான் வேண்டும். வேல மரத்து நிழலில் பெரிய மஞ்சள் கண்ணோடு அசையாமல் நிற்பது கண்கிலேடி.

மாலை நான்கு மணிக்கு மேல் பூனைப்பருந்துகளுக்காகக் காத்திருங்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வருகின்றன. அவற்றில் மான்டேகு பூனைப்பருந்து என்ற இனம் ஆப்பிரிக்கச் சவன்னாவிலும் அதே மாதங்களைக் கழிக்கிறது. புல்லுக்கு மேல் ஆள் உயரத்தில், இறக்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி அது வெட்டுக்கிளி தேடுவதைப் பார்த்தால், அதற்குக் காங்கயமும் செரங்கெட்டியும் ஒரே வகை நிலம் என்பது விளங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை இவை இருக்கும். பட்டிப் பொங்கல் முடிந்த கையோடு போவது என் தேர்வு. ஆனி, ஆடியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சிறு பறவை எதையும் வெளியே நிற்கவிடாது.

அந்தக் காற்றுதான் இந்த நிலத்துக்குக் காற்றாலைகளைக் கொண்டுவந்தது. பின்னால் சூரிய மின்தகடுகள் வந்தன, மனைப்பிரிவுகள் வந்தன. மாடு வைத்துக் கட்டுப்படியாகாத விவசாயி கொரங்காட்டை விற்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாரா காப்பகத்தை ஒட்டி மாசாய் மக்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்துச் சமூகக் காப்பகங்களாக நடத்துகிறார்கள். சுற்றுலா நடத்துவோர் நில உரிமையாளர்களுக்கு வாடகை தருகிறார்கள். மாடும் முறைவைத்து மேய்கிறது. புல்லைப் புல்லாக வைத்திருப்பதற்கு அங்கே ஒரு வருமானம் உண்டு. கொரங்காட்டுக்காரருக்கும் அப்படி ஒன்று கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். வானம்பாடியின் கூடு அவர் நிலத்துத் தரையில் இருக்கிறது.

இரண்டாம் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலையில் ஏதாவது ஒரு குளம். திருப்பூர் ஊத்துக்குளிச் சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022இல் தமிழகத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து சில குளிர்காலங்களில் இங்கே இறங்கும். ஈரோடு போகிற வழி வசதியென்றால் வெள்ளோடு. அது 2022லேயே ராம்சார் இடமாகிவிட்டது. இரண்டுக்கும் ஓடாதீர்கள், ஒன்றில் உட்காருங்கள். மதியத்துக்கு மேல் சத்தியமங்கலம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,408 சதுர கிலோமீட்டர். மாசாய் மாரா தேசியக் காப்பகம் ஏறத்தாழ 1,510. அளவில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் அங்கே வண்டிப் பாதைகளில் சுற்றலாம், இங்கே அப்படி முடியாது. மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் அங்குள்ள தெங்குமரஹாடா ஊருக்கும் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. சத்தியமங்கலம், ஆசனூர் என்று இரண்டு கோட்டங்கள். கிளம்பும் முன்பே விசாரித்து எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறும் திம்பம் மலைப்பாதை பொதுச்சாலை. பகலில் அரசுப் பேருந்திலேயே போகலாம். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, அது காட்டுயிர்களுக்காக. வளைவுகளில் வண்டியை நிறுத்தாமல் திம்பம் போய், அங்கிருந்து பள்ளத்தாக்கைப் பாருங்கள்.

வெளிமான் இந்தப் பள்ளத்தாக்கின் சொத்து. முறுக்கிய கொம்புள்ள கருத்த கலை, பழுப்புப் பிணை, எல்லாம் திறந்த வெளியில்தான். மரம் அடர்ந்தால் அவற்றால் ஓட முடியாது. சீமைக் கருவேலம் ஆற்றோரப் புல்வெளிக்குள் புகுந்து அவற்றின் இடத்தைத்தான் சுருக்கிக்கொண்டிருக்கிறது. கென்யாவின் பாரிங்கோ ஏரிப் பகுதியிலும் இதே மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் அவசரம் வேண்டாம். வானம்பாடிக்கு விடியல் வேண்டும். பிணந்தின்னிக் கழுகான பாறுவுக்கு வெயில் வேண்டும். தரை சூடேறி வெப்பக்காற்று எழும்பிய பிறகுதான், ஒன்பது மணிவாக்கில், அந்தக் கனத்த பறவை இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு ஏறும். மாயாற்றங்கரை நீர்மருதுகளில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை. கருங்கழுத்துப் பாறுவும் செம்முகப் பாறுவும் இங்கே உண்டு. கீழிருந்து பார்க்கையில் கருத்த உடலும் இறக்கையின் முன்பாதி வெள்ளையுமாகத் தெரிந்தால் வெண்முதுகு.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு 999 என்ற கணக்கில் 1992க்கும் 2007க்கும் இடையே அழிந்துபோயின. மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக்தான் காரணம் என்பது 2004இல் தெரியவந்தது. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்தால், அந்த இறைச்சியைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடைசெய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால் 2015இல் குப்பியின் அளவை 3 மில்லியாக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் கால்நடைகளுக்கு 2023இல் தடையாயின. கோவையைச் சேர்ந்த அருளகம் அமைப்பு இந்தச் செய்தியை மாயாற்றைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் மருந்துக் கடைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் கொண்டுபோயிருக்கிறது. வீட்டில் மாடு வைத்திருக்கும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். மடிவீக்கத்துக்கோ கால்வலிக்கோ மருத்துவர் ஊசி போட வந்தால், மெலாக்சிகம் போடச் சொல்லிக் கேளுங்கள். மாட்டின் வலியும் தீரும், பாறுவுக்கும் கேடில்லை.

இனி கென்யா. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு, ஆறு மணி நேரம்தான். 2024 முதல் விசாவுக்குப் பதில் இணையவழி முன்னனுமதி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில், பயணத்துக்குப் பத்து நாளுக்காவது முன்பே போட்டுச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்; அது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். ஐந்தாறு நாள்தான் என்றால் மூன்று பூங்காக்களை அடுக்காதீர்கள், பாதி நாள் சாலையில் போய்விடும். இறங்கிய மறுநாள் நகரத்தை ஒட்டியே இருக்கும் நைரோபி தேசியப் பூங்கா. 117 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் சிங்கமும் காண்டாமிருகமும் உண்டு. மீதி நாள் முழுவதும் மாராவில் ஒரே இடத்தில் தங்குங்கள். காட்டுமாட்டுக் கூட்டம் வேண்டுமென்றால் ஜூலை முதல் அக்டோபர் வரை. பறவைகளே முக்கியமென்றால் ஜனவரி, பிப்ரவரி. நம் ஊருக்கு வரும் பூனைப்பருந்து அங்கேயும் இருக்கும்.

ஓட்டுநரிடம் முதல் நாளே ஒன்று சொல்லிவையுங்கள். சிங்கம் தின்றுவிட்டு எழுந்து போனதும் மற்ற வண்டிகள் கிளம்பிவிடும்; நம் வண்டி நிற்கட்டும். நம் வெண்முதுகுப் பாறுவின் நெருங்கிய உறவான ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு அப்போதுதான் இறங்கும். 2015 முதல் அதுவும் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. மாட்டைக் கொன்ற சிங்கத்தைப் பழிவாங்க இறந்த மாட்டின் உடலில் நஞ்சு தடவுகிறார்கள். சிங்கத்தோடு பாறுகளும் கூட்டமாகச் சாகின்றன. மாடு இழந்த மாசாய் குடும்பத்துக்கு ஈடு கொடுக்கும் முயற்சிகள் கென்யாவில் எப்படி நடக்கின்றன என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)